இரண்டாவது முயல்

வீட்டில் முயல் வளர்ப்பவர்கள் ஒரு செய்கையைத் தினமும் பார்த்திருப்பார்கள். முயல் மேசைக் காலருகே போகும், முகவாயை அதில் ஓரிரு முறை தேய்க்கும். பிறகு கதவின் மூலையில் தேய்க்கும், தண்ணீர்க் கிண்ணத்தில் தேய்க்கும், வாசலில் கிடக்கும் செருப்பில் தேய்க்கும், சில சமயம் வளர்ப்பவரின் கால் பெருவிரலிலும் தேய்த்துவிட்டுப் போகும். கொஞ்சுகிறது என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் முகவாய்க்கு அடியில் உள்ள சுரப்பிகளின் கசிவை அது போகுமிடமெல்லாம் பூசுகிறது. மனித மூக்குக்கு அந்த வாசனை எட்டாது. இன்னொரு முயலுக்கோ அந்த அறை முழுவதும் பட்டா எண்ணோடு உரிமையாளர் பெயர் எழுதிய சுவர்.

இந்தப் பூச்சை முறைப்படி ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் ரோமன் மிகிடோவிச். கான்பெராவில், ஆஸ்திரேலிய அரசின் ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வில் பணியாற்றியவர். 1859இல் தாமஸ் ஆஸ்டின் என்ற பண்ணையார் வேட்டைக்காக விக்டோரியாவில் இறக்கிவிட்ட ஐரோப்பிய முயல்கள் பல்கிப் பெருகி அந்தக் கண்டத்தின் மேய்ச்சல் நிலங்களை மொட்டையடித்துவிட்டன. 1950இல் மிக்சோமா வைரஸைப் பரப்பியும் அவற்றை முழுதாக ஒழிக்க முடியவில்லை. முயல்கள் எப்படி வாழ்கின்றன என்பதையாவது தெரிந்துகொள்வோம் என்று காட்டு முயல்களை அடைப்புகளுக்குள் விட்டுக் கவனித்தார்கள். முயலை ஒழிப்பதற்காகச் சேர்த்த அறிவு இன்று முயலை மடியில் வைத்துக் கொஞ்சுகிறவர்களுக்குப் பயன்படுவது விநோதம்தான்.

கூட்டத்தில் மேல்நிலையில் இருக்கும் ஆணுக்கு முகவாய்ச் சுரப்பி பெரிதாக இருப்பதையும், அதுவே மற்றவற்றைவிட அதிகம் பூசுவதையும் மிகிடோவிச் கண்டார். எல்லைகளில் குவித்துவைக்கும் புழுக்கைக்கும் அதே வேலைதான். தாய் முயலின் சொந்தக் குட்டிமீதே வேற்று முயலின் சிறுநீர் வாசனை ஏறிவிட்டால் தாய் அதைத் தாக்கும் என்றும் அவர் பதிவு செய்திருக்கிறார். 1976இல் அவரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஓர் ஆய்வு நம் விஷயத்துக்கு மிக நெருக்கமானது. இரண்டு முயல்களை எதிரெதிரே விட்டபோது, எதன் சொந்த வாசனை அந்த இடத்தில் இருந்ததோ அதற்குத் துணிச்சல் கூடியது.

இரண்டாவது முயலை வாங்கி வந்து, பழைய முயலின் கூண்டைத் திறந்து உள்ளே விடுகிறவர் என்ன செய்கிறார் என்பது இப்போது புரியும். பழையது தன் சொத்து என்று ஆயிரம் முறை பூசிவைத்த நிலத்தில், வேறு வாசனை தாங்கிய ஒரு விலங்கைத் தப்பிக்க வழியில்லாமல் அடைக்கிறார். விடியும்போது கூண்டில் பிய்ந்த மயிர் கிடக்கும். ‘இதுக்கு யாரையும் பிடிக்காது, தனியாவே இருக்கட்டும்’ என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். சண்டை பெரும்பாலும் நிலத்தைப் பற்றியது. எதிரே நிற்கும் முயலின் குணத்தைப் பற்றிய விசாரணை அங்கே தொடங்கவே இல்லை. இரண்டு முயல்களைத் துணையாகப் பழக்குவதில், அதாவது இணை சேர்ப்பதில், பலிக்கும் உத்திகள் ஏறத்தாழ எல்லாமே இடத்தையும் வாசனையையும் கையாளும் உத்திகளாக இருப்பதற்குக் காரணம் இதுதான் என்பது என் வாதம்.

நம் ஊர்க் காட்டோரங்களிலும் மானாவாரி நிலங்களிலும் துள்ளி ஓடும் முயலை வைத்து இந்த விலங்கைப் புரிந்துகொள்ள முடியாது. அது வேறு இனம். வளை தோண்டாது, பெரும்பாலும் தனித்தே திரியும், குட்டிகள் மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதைப் பிடித்து வளர்ப்பது குற்றமும்கூட. கூண்டில் நாம் வளர்ப்பவை அனைத்தும், வெள்ளை நியூசிலாந்தானாலும் சோவியத் சின்சில்லாவானாலும் அங்கோராவானாலும், ஸ்பெயின், போர்ச்சுகல், தென்மேற்கு பிரான்ஸ் பகுதிகளைத் தாயகமாகக் கொண்ட ஒரே காட்டினத்தின் வழிவந்தவை. அந்த ஐரோப்பிய முயல் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்வது.

கூட்டம் என்றதும் ஆட்டு மந்தையைக் கற்பனை செய்துகொள்ளக் கூடாது. வேல்ஸில் ஓரியல்டன் என்ற பண்ணை மாளிகையில் முயல்களைக் கவனித்த ரொனால்ட் லாக்லி, வளைக்குள் நடப்பதைக் கண்ணாடி வழியே பார்க்கும்படி செயற்கை வளை அமைத்தார். அவர் 1964இல் வெளியிட்ட நூல்தான் ரிச்சர்ட் ஆடம்ஸின் ‘வாட்டர்ஷிப் டவுன்’ நாவலுக்கு முயல் வாழ்க்கையைக் கற்றுக்கொடுத்தது. ஜெர்மனியின் பைராய்ட் பல்கலைக்கழகத்தில் டீட்ரிக் ஃபான் ஹோல்ஸ்ட் குழுவினர் ஏறத்தாழ 2 ஹெக்டேர் அடைப்பில் பல தலைமுறை முயல்களைப் பின்தொடர்ந்தார்கள். இவற்றிலிருந்து கிடைக்கும் சித்திரம் இது: ஒரு சில ஆண்களும் சில பெண்களும் சேர்ந்த சிறு குழு, அதற்கென்று காவல் காக்கப்படும் எல்லை. ஆண்களுக்குள் ஒரு படிநிலை, பெண்களுக்குள் தனியாக இன்னொன்று. ஆண்கள் பெண்களுக்காகச் சண்டையிடுகின்றன. பெண்கள் குட்டி ஈனும் வளைக்காக. மேல்படியில் இருந்த பெண்கள் அதிகக் குட்டிகளை ஈன்று அதிக நாள் வாழ்ந்தன என்று பைராய்ட் கணக்குகள் காட்டின. படிநிலை என்பது அங்கே வாழ்வா சாவா என்ற விஷயம். தெரிந்தவர்களிடம் நெருக்கம், தெரியாதவர்களிடம் பகை என்ற இரண்டும் ஒரே விலங்கின் இயல்பாக அமைந்துவிட்டன.

அப்படியானால் தனியாகவே விட்டுவிட்டால் என்ன? நியாயமான கேள்வி. மனிதர் பாசமாக இருந்தால் போதும் என்று நம்புகிறவர்கள் ஏராளம். 2008இல் வெளியான ஓர் ஆய்வு இதை முயலிடமே கேட்டது. கதவைத் தள்ளினால் அந்தப் பக்கம் உணவு, அல்லது ஏறி உட்கார ஒரு மேடை, அல்லது இன்னொரு முயல். கதவின் எடையைக் கூட்டிக்கொண்டே போனார்கள். பெண் முயல்கள் துணைக்காக உணவுக்குச் சற்றே அடுத்தபடியாக உழைத்தன. அதற்கு முன்பே 2004இல் அமெரிக்க ஆய்வு ஒன்று, தனிக் கூண்டில் இருந்த முயல்களிடம் இயல்பற்ற செய்கைகள் மிகுந்திருப்பதையும், ஜோடியாக இருந்தவை பெரும்பொழுதை உடல் ஒட்டியே கழிப்பதையும் கண்டது. லண்டன் அரச கால்நடை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் 2020இல் வெளியிட்ட காப்பக ஆய்விலோ, கூண்டுக் கம்பியைக் கடித்துக்கொண்டிருந்தவை தனி முயல்கள் மட்டுமே. அவற்றின் உடல் வெப்பமும் ஜோடி முயல்களைவிடக் குறைந்திருந்தது. மாலையில் ஒரு மணி நேரம் மடியில் வைத்துத் தடவிக்கொடுப்பது அன்புதான். மீதி இருபத்து மூன்று மணி நேரம் காதை நக்கிவிடவும் முதுகோடு முதுகாகச் சாய்ந்து தூங்கவும் நம்மால் ஆகாது.

(சுவிட்சர்லாந்தில் முயலைத் தனியாக வளர்ப்பது சட்டவிரோதம் என்று அடிக்கடி படிக்கிறோம். அந்நாட்டு விதி கினிப் பன்றிக்குத்தான் அப்படிக் கறாராக இருக்கிறது. முயலைப் பொறுத்தவரை, முதல் எட்டு வாரங்கள் குட்டியைப் பொதுவாகத் தனியே வைக்கக் கூடாது என்பதே விதி.)

ஆகவே துணை வேண்டும். ஆனால் முதல் வேலை முயல்களை ஒன்றையொன்று பார்க்க வைப்பது அல்ல, மருத்துவரைப் பார்ப்பது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இதில் அனுபவம் உள்ள அமைப்புகள், 1988இல் கலிபோர்னியாவில் தொடங்கிய ஹவுஸ் ராபிட் சொசைட்டி உள்பட, இரண்டுக்கும் கருத்தடை அறுவை முடிந்த பிறகே இணை சேர்க்கச் சொல்கின்றன. இனப்பெருக்கத்தைத் தடுப்பது ஒரு காரணம் மட்டுமே. பெண் முயலுக்கு ஒழுங்கான சினைப்பருவச் சுழற்சி என்று ஒன்று கிடையாது. ஆணோடு கூடிய பிறகு பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் கருமுட்டை வெளியேறும், முப்பத்தொன்று நாள் வாக்கில் குட்டிகள், ஈன்ற அன்றே மறுபடி சினையாகவும் முடியும். ஒரு பெண் இன்னொரு பெண்மீது ஏறினாலேகூடக் கருமுட்டை வெளியேறி, பதினாறு பதினேழு நாள் பொய்ச் சினை நீடிக்கும். அந்த நாட்களில் அது வயிற்று மயிரைப் பிடுங்கிக் கூடு கட்டும். பக்கத்தில் வருவதையெல்லாம் கடிக்கும். அதுவரை ஒட்டி உறவாடிய இரண்டு பெண்கள் திடீரென்று ஜென்ம விரோதிகளாவதன் பின்னால் பலமுறை இருப்பது இதுதான். சுவிஸ் இனப்பெருக்கப் பண்ணைகளில் குழுவாக வைக்கப்பட்ட பெண் முயல்களை ஆராய்ந்தபோது ஏறத்தாழ மூன்றிலொன்றின் உடலில் காயம் இருந்தது. அறுவை செய்யாத பெண்கள், ஈனும் சமயத்தில் பிரித்து, பிறகு மறுபடி சேர்க்கப்படுபவை; ஒவ்வொரு முறையும் படிநிலை முதலிலிருந்து தொடங்குகிறது. போதாக்குறைக்கு, அறுவை செய்யாத பெண் முயல்களுக்கு வயதாக ஆகக் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் அதிகம்.

ஆணுக்கு அறுவை ஆன மறுநாளே சேர்த்துவிடலாம் என்று நினைப்பது தவறு. நான்கிலிருந்து ஆறு வாரம் வரை அதனால் சினைப்படுத்த முடியும். பெண்ணுக்குக் காயம் ஆறவும் சுரப்புகள் அடங்கவும் சில வாரங்கள் வேண்டும்.

தமிழ்நாட்டில் இந்த இடத்தில்தான் சிக்கல். முயல் இங்கே நெடுங்காலமாகப் பண்ணை விலங்கு. கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலும், சென்னையை அடுத்த காட்டுப்பாக்கத்திலும் உள்ள அரசு ஆய்வு நிலையங்கள் இறைச்சிக்கும் ரோமத்துக்கும் அதை வளர்த்துப் பரப்பின. முயலை அறுத்துத் தைத்துப் பல ஆண்டு வாழவைக்கும் மருத்துவம் பண்ணைக்குத் தேவைப்படவில்லை. நாய், பூனைக்குக் கருத்தடை செய்யும் மருத்துவர் ஊருக்கு ஊர் உண்டு. முயலுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகியவரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவரைச் சோதிக்க ஒரு கேள்வி போதும்: அறுவைக்கு முன் பட்டினி போட வேண்டுமா? முயலால் வாந்தி எடுக்க முடியாது. அதன் குடல் நிற்காமல் இயங்க வேண்டும். அதனால் பட்டினி போடக் கூடாது. நாய்க்குச் சொல்வதையே முயலுக்கும் சொல்கிறவரிடமிருந்து முயலைப் பத்திரமாகத் திருப்பித் தூக்கி வந்துவிடலாம்.

கடைகளில் ‘ஜோடி’ என்று கொடுப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். தாயிடமிருந்து சீக்கிரமே பிரித்த குட்டிகள் இரண்டும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். அதைப் பார்த்து மயங்கி வாங்குகிறோம். மூன்றரை, நான்கு மாதத்தில் பருவம் வந்ததும் அந்த ஒட்டுதல் கலையும். இரண்டும் ஆணென்றால் விதைப்பையைக் கிழிக்கும் அளவுக்குச் சண்டை வரலாம். ஆணும் பெண்ணும் என்றால் அடுத்த மாதம் குட்டிகள். சின்னஞ்சிறு குட்டியில் ஆண் பெண் கண்டுபிடிப்பது தேர்ந்தவர்களுக்கே தவறும் வேலை; கடைக்காரர் சொன்னதை அப்படியே நம்பியவர்கள் ‘ரெண்டும் பொண்ணுதான்’ என்று சொல்லிக்கொண்டே குட்டிகளுக்கு வீடு தேடுகிறார்கள். பொதுவாக, அறுவை செய்த ஆணும் அறுவை செய்த பெண்ணும் சேர்வதே எளிது.

இனி வாசனை. புதிய முயலைத் தனி அறையில் சில நாள் வைத்து நோய்நொடி இல்லையென்று உறுதிசெய்த பிறகு, இரண்டு கூண்டுகளையும் பக்கம் பக்கமாக வைக்கலாம். நடுவே ஒரு கை இடைவெளி வேண்டும்; இல்லாவிட்டால் கம்பி வழியாக உதட்டையும் மூக்கையும் கடித்துக் கிழித்துவிடும். பிறகு மாற்றத் தொடங்க வேண்டும்: இதன் புழுக்கைத் தட்டு அங்கே, அதன் விரிப்புத் துணி இங்கே. சில நாள் கழித்து முயல்களையே இடம் மாற்றி, இது அதன் கூண்டில், அது இதன் கூண்டில். வேற்று வாசனையைக் கண்டதும் முதலில் காலால் தரையை அறைவதும், அதன்மேல் சிறுநீர் கழிப்பதும் நடக்கும். நாளடைவில் அந்தத் துணியின்மீதே நீட்டிப் படுத்துத் தூங்கும். இந்த வேலை ஒரு வாரத்திலும் முடியலாம், ஒரு மாதத்தையும் விழுங்கலாம். அவசரப்படுகிறவர்கள் தாண்டிப் போவது இந்தக் கட்டத்தைத்தான். அலுப்பூட்டுவதும் இதுதான், பலன் தருவதும் இதுதான்.

சந்திப்பு நடக்குமிடம் இரண்டில் எதுவும் காலே வைக்காத இடமாக இருக்க வேண்டும். குளியலறை, மொட்டை மாடிக்குப் போகும் படியின் தளம், பக்கத்து வீட்டு வராந்தா என்று எதுவானாலும் சரி. வினிகர் கலந்த தண்ணீரால் துடைத்து, கால் வழுக்காமல் பாய் விரிக்க வேண்டும். காய்ந்த புல்லை ஒரே குவியலாக வைக்காமல் பல இடங்களில் பரப்ப வேண்டும். ஒளிய இடம் வைத்தால் இரண்டு பக்கமும் திறந்திருக்க வேண்டும். ஒற்றை வாசல் பெட்டிக்குள் துரத்தப்பட்ட முயல் மூலையில் மாட்டிக்கொள்ளும். அங்கேதான் கடி ஆழமாக விழும். நம் ஊரில் நேரமும் முக்கியம். முயலுக்கு வியர்க்காது, காதுகளின் வழியாகத்தான் வெப்பத்தை வெளியேற்றும். 30 டிகிரிக்கு மேல் போனாலே திணறும். சித்திரை வைகாசியில் நண்பகலில் இரண்டு முயல்களைத் துரத்திக்கொள்ள விட்டால் கடிக்கு முன்பே வெப்பம் கொன்றுவிடும்.

பார்க்கத் தெரிய வேண்டியது நிறைய. மேலேறுதல் ஆண்களுக்கு மட்டும் உரியதன்று. அறுவை செய்த பெண்ணும் ஏறும். யார் மேல் என்ற பேச்சுவார்த்தை அது. சில நொடிகள் விடலாம். தலைப்பக்கமாக ஏறினால் மட்டும் உடனே இறக்கிவிட வேண்டும். கீழே இருப்பது கடித்தால் பிறப்புறுப்பு போய்விடும். சிறிது துரத்தல், கொஞ்சம் மயிர் பிடுங்கல் எல்லாம் வழக்கம். வால் விறைத்து, காதுகள் பின்னால் படிந்து, ஒன்றன் பின்புறத்தை மற்றொன்று நோக்கி இறுக்கமான வட்டமாகச் சுற்றத் தொடங்கினால் அடுத்த நொடி பூட்டிக்கொள்ளப் போகின்றன என்று பொருள். தடித்த கையுறையோ, முறமோ, கனமான துண்டோ நடுவில் போக வேண்டும். வெறுங்கை போகக் கூடாது. முயலின் தோல் மெல்லியது. மயிருக்கடியில் ஒளிந்திருக்கும் சின்னப் பல்காயம் சில நாளில் கெட்டியான சீழ்க்கட்டியாகிவிடும்; அதனால் ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும் உடல் முழுக்கத் தடவிப் பார்க்க வேண்டும். இரண்டில் எதுவானாலும் அரை நாள் தின்னாமல் இருந்தால் அது ஊடல் என்று சும்மா இருக்காமல் மருத்துவரிடம் ஓட வேண்டும்.

நல்ல அறிகுறிகள் ஆரவாரம் இல்லாதவை. ஒன்று புல் தின்ன, மற்றொன்று அதைக் கண்டுகொள்ளாமல் முகம் கழுவிக்கொண்டிருந்தால் அது பெரிய முன்னேற்றம். பகைவன் எதிரே முயல் கண்ணை மூடி முகம் கழுவாது. பிறகு ஒன்று வந்து தலையைத் தாழ்த்தி மற்றதன் முகவாய்க்குக் கீழே நுழைக்கும்: என்னை நக்கிவிடு என்ற கோரிக்கை. சில ஜோடிகளில் இரண்டுமே தலையைத் தாழ்த்திக்கொண்டு, நீதான் முதலில் என்று நெடுநேரம் கிடக்கும். ஒன்று இறங்கிவந்து நக்கத் தொடங்கும் நொடியில் பெரும்பாலும் படிநிலை தீர்மானமாகிவிட்டது என்று கொள்ளலாம்.

இங்கே ஒரு சர்ச்சை. இரண்டு முயல்களையும் ஒரே கூடையில் போட்டுக் காரில் சுற்றிவந்தாலோ, அதிரும் துணி துவைக்கும் இயந்திரத்தின்மேல் வைத்தாலோ ஒட்டிக்கொள்ளும் என்று ஒரு முறை புழக்கத்தில் இருக்கிறது. ஒட்டிக்கொள்வது உண்மை. பல காப்பகக்காரர்கள் இதை நல்லெண்ணத்தோடே செய்திருக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. அச்சத்தில் உறைவதும் பக்கத்தில் இருப்பதோடு நெருங்கி ஒடுங்குவதும் இரைவிலங்கின் தற்காப்பு; அதைப் பழக்கமாகக் கணக்கில் எழுத முடியாது. கார் நின்று, கூடை திறந்து, வீட்டு வாசனை மூக்கில் ஏறியதும் பழைய நிலத் தகராறு விட்ட இடத்திலிருந்து தொடரும். அதோடு, அச்சம் முயலின் குடலை நிறுத்திவிடக்கூடியது. குடல் நின்றால் உயிர் போகும். கூடைக்குள் அமைதியாகத் தெரிவதை அமைதி என்று நம்புவதுதான் இந்த முறையின் அபாயம். முயல் வலியிலும் பயத்திலும் பெரும்பாலும் சத்தம் போடாத விலங்கு.

இரண்டுக்கும் பொதுவான அந்தச் சந்திப்பு இடத்தில் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் சண்டையின்றிச் சேர்ந்து தின்று, ஒட்டிப் படுத்தால் வீட்டுக்குள் கொண்டுவரலாம். பழைய முயலின் கூண்டைக் கழுவித் துடைத்து, உள்ளே இருப்பதை எல்லாம் இடம் மாற்றிவைத்து, முடிந்தால் கூண்டையே வேறு மூலைக்கு நகர்த்தினால், பழையதுக்கும் அது புது நிலமாகும். இங்கே நிகழும் சறுக்கல்கள் பெரும்பாலும் பழைய வாசனை மிச்சமிருந்ததால்தான். இணை சேர்ந்த பிறகும் வாசனையின் ஆட்சி முடிவதில்லை. ஒன்றை மட்டும் மருத்துவமனைக்குக் கொண்டுபோய், மருந்து வாடையோடும் வேற்று விலங்கு வாடையோடும் திருப்பிக் கொண்டுவந்தால், ஆண்டுக்கணக்கில் சேர்ந்து வாழ்ந்தது அதை அந்நியனென்று கடிக்கலாம். நோய் ஒன்றுக்கானாலும் இரண்டையும் சேர்த்தே தூக்கிப் போவது நல்லது.

எல்லா ஜோடியும் சேராது. மாதங்கள் ஓடியும் பார்த்தவுடன் பாய்கின்றனவென்றால் கட்டாயப்படுத்துவதில் பொருளில்லை. இரட்டைக் கம்பிவலைக்கு இரு பக்கமும் வாழவைப்பது இரண்டாம்பட்ச ஏற்பாடு. நக்குதலும் உடல் சூடும் கிடைக்காவிட்டாலும் பார்வையும் வாசனையும் கிடைக்கும். துணை இறந்து தனியான முயலுக்கும் அவசர அவசரமாக இன்னொன்றை வாங்கிவந்து கொடுப்பதில் பயனில்லை. இறந்ததன் உடலருகே சிறிது நேரம் இருக்க விடுங்கள் என்று கால்நடை மருத்துவர்கள் பலர் சொல்கிறார்கள். மோந்து பார்த்துவிட்டுத் தானே நகர்ந்துவிடும் முயல், உடலைக் காணாததைவிடக் குறைவாகத் தேடுகிறது என்பது அவர்கள் அனுபவம். அது ஒழுங்காகத் தின்னத் தொடங்கிய பிறகு தேடலைத் தொடங்கலாம்.

தேர்வை யார் செய்வது என்பது மிச்சமிருக்கும் கேள்வி. மேற்கத்தியக் காப்பகங்கள் சிலவற்றில் வீட்டு முயலையே கூட்டிவரச் சொல்லி, பொது அறையில் ஒவ்வொன்றாக அங்குள்ள முயல்களைச் சந்திக்க வைக்கிறார்கள். எதைக் கண்டு அது பாயாமல் புல் தின்கிறதோ அதை அனுப்புகிறார்கள். நம் சந்தைகளில் அதற்கு வழியில்லை. நிறத்தையும் காதின் தொங்கலையும் பார்த்து நாமே தேர்ந்தெடுக்கிறோம். ஆகவே கூண்டைக் கையில் வாங்குமுன், சேராவிட்டால் ஒரு மாதத்துக்குள் திருப்பி எடுத்துக்கொள்வாரா என்று விற்பவரிடம் கேட்டுவிட வேண்டும். மாட்டேன் என்றால், இரண்டாவது கூண்டுக்கு வீட்டில் நிரந்தரமாக இடம் இருக்கிறதா என்று அளந்து பார்த்த பிறகே காசை எடுக்க வேண்டும்.